அறிவை அளக்கும் மரக்கால்

படியும் மரக்காலும் புழக்கத்தில் இருந்த காலத்தில், நெல் வாங்கப் போகிறவர் விலை கேட்பதற்கு முன்னால் இன்னொரு கேள்வி கேட்பாராம்: "எந்தப் படி?" பட்டணம் படி வேறு, சின்னப் படி வேறு, பெரிய படி வேறு. மரக்காலுக்கு எட்டுப் படி என்பார் ஓர் ஊர்க்காரர்; நாலு படிதான் என்பார் இன்னோர் ஊர்க்காரர். இருவர் சொல்வதும் உண்மைதான். 1956-ல் சட்டம் வந்து, கிலோவும் லிட்டரும் கிராமம் வரை போய்ச் சேர்ந்த பிறகு அந்தக் கேள்விக்கு வேலை இல்லாமற் போயிற்று. நல்லதுதான். நெல்லுக்கும் எண்ணெய்க்கும் எங்கும் ஒரே அளவு இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஆனால் ஒரு மனிதனுடைய புத்தியை அளக்கும்போது "எந்தப் படி?" என்று கேட்பார் உண்டா? பரீட்சைத் தாளில் வந்த எண்ணைப் பார்க்கிறோம். குறைவாக இருந்தால் மந்தம் என்கிறோம். கூடுதலாக இருந்தால் மேதை என்கிறோம். அந்த மரக்காலைச் செய்தவன் எந்த ஊர்க்காரன், அவன் எதை அளப்பதற்காக அதைச் செய்தான் என்று கேட்க நமக்குத் தோன்றுவதில்லை. இது விஞ்ஞானத்தைச் சேர்ந்த விஷயமா, தர்மத்தைச் சேர்ந்த விஷயமா என்று சில நாட்களாக யோசித்து வருகிறேன். இரண்டையும் சேர்ந்தது என்றுதான் எனக்குப் படுகிறது.

பரீட்சை எப்படி இருக்கும் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வயதானவர் ஒருவருக்கு ஞாபகம் தடுமாறுகிறது என்று சந்தேகம் வந்தால், ஆஸ்பத்திரியில் கேட்கும் கேள்விகளில் பல, 1975-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு சிறு பரீட்சையிலிருந்து வந்தவை. ஃபோல்ஸ்டீன் என்ற மனநோய் வைத்தியரும் அவருடன் பணிபுரிந்தவர்களும் அதை உருவாக்கினார்கள். மொத்தம் 30 மதிப்பெண். 24-க்குக் கீழே போனால் சந்தேகம் பலப்படும். இன்று என்ன தேதி, என்ன கிழமை, எந்த வருஷம், எந்தப் பருவம் என்று கேட்பார்கள். இந்தக் கட்டடத்தில் எத்தனையாவது மாடியில் இருக்கிறீர்கள் என்பார்கள். நூறிலிருந்து ஏழைக் கழிக்கச் சொல்வார்கள். வந்ததிலிருந்து மறுபடி ஏழு, மறுபடி ஏழு. ஒரு வாக்கியம் எழுதச் சொல்வார்கள். ஒன்றின் மேல் ஒன்று படிந்த இரண்டு ஐங்கோணங்களைப் பார்த்து வரையச் சொல்வார்கள்.

பள்ளிக்கூடத்தில் பத்து வருஷம் உட்கார்ந்து எழுந்தவருக்கு இவையெல்லாம் மூளையின் சேமத்தைக் காட்டும் கேள்விகள். பென்சிலைக் கையால் தொட்டே அறியாத ஒரு கிழவிக்கு? ஐங்கோணம் வரைய முடியாமற் போனால் அது மூளையில் வந்த கோளாறா, எழுபது வயதில் முதன்முதலாகப் பென்சிலைப் பிடித்ததன் தடுமாற்றமா?

படத்தைக் காட்டிப் பெயர் கேட்கும் பரீட்சை ஒன்றும் உண்டு. பாஸ்டன் நகரத்தின் பெயரால் வழங்குவது. 60 படங்கள் கொண்டது. அவற்றுள் எஸ்கிமோக்களின் பனிவீடு ஒன்று, பீவர் என்ற நீர்வாழ் பிராணி ஒன்று, பிரெட்ஸல் என்ற முறுக்குப் போன்ற தின்பண்டம் ஒன்று. பெயர் நாவில் வராவிட்டால் மூளையில் மொழிக்கான பகுதி பழுதோ என்று சந்தேகிக்க வேண்டும். தின்று பாராத பண்டத்தின் பெயர் எப்படி நாவில் வரும்?

இப்படிப்பட்ட அளவுகோல்களின் பூர்வோத்தரத்தைப் பார்த்தால், அது கெட்ட எண்ணத்தில் பிறந்ததல்ல. 1905-ல் பாரிஸில் ஆல்ஃப்ரெட் பினே, சீமோன் என்ற வைத்தியருடன் சேர்ந்து முதல் பரீட்சையை அமைத்தபோது, வகுப்பில் பின்தங்கும் குழந்தைகளைக் கண்டுபிடித்துத் தனிக் கவனம் கொடுக்க வேண்டும் என்பதே நோக்கம். குழந்தைக்கு உதவி செய்ய வந்த கோல் அது. அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தாண்டியதும் அதுவே ஆளை விரட்டும் கோலாகிவிட்டது.

நியூயார்க் துறைமுகத்தில் எல்லிஸ் தீவு என்று ஓர் இடம். ஐரோப்பாவின் ஏழைகள் கப்பலின் கீழ்த்தட்டில் அடைந்து வந்து அங்கேதான் இறங்குவார்கள். ஹென்றி காடார்டு என்ற மனோதத்துவ நிபுணர் 1913-ல் தம் உதவியாளர்களை அங்கே அனுப்பி, வந்திறங்கியவர்களில் ஒரு சிறு கூட்டத்துக்குப் பினேயின் பரீட்சையை வைத்தார். 1917-ல் முடிவு வெளியாயிற்று. சோதித்த யூதர்களில் 83 சதவீதம், ஹங்கேரியரில் 80 சதவீதம், இத்தாலியரில் 79 சதவீதம், ரஷ்யரில் 87 சதவீதம் புத்திக் குறைவுள்ளவர்களாம்! பன்னிரண்டு நாள், பதினைந்து நாள் கடற்பயணம். முன்பின் தெரியாத தேசம். திருப்பி அனுப்பிவிடுவார்களோ என்ற பயம். எதிரே காகிதத்தோடு ஓர் அந்நியர். இதெல்லாம் எந்தக் கணக்கிலும் சேரவில்லை. அங்கே வேலை பார்த்த மொழிபெயர்ப்பாளர் ஒருவர், தாம் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் இந்தக் கேள்விகளுக்குத் தம்மாலும் பதில் சொல்லியிருக்க முடியாது என்று காடார்டிடமே சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு மனிதர்தான் "எந்தப் படி?" என்று கேட்டவர். அவர் பேச்சு எடுபடவில்லை.

அதே 1917-ல் அமெரிக்கா யுத்தத்தில் இறங்கியதும், 17 லட்சத்துக்கு மேற்பட்ட சிப்பாய்களுக்குப் பரீட்சை நடந்தது. ஒரு கம்பெனியின் சமையல் கொழுப்பின் பெயரைச் சொல்லி, அது மருந்தா, பற்பசையா, உணவுப் பொருளா என்று ஒரு கேள்வி. இங்கிலீஷ் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தனியாகப் படப் பரீட்சை. அதில் ஒரு படத்தில் டென்னிஸ் ஆட்டக்களம். குறுக்கே கட்டும் வலை இல்லை. இல்லாததை வரைந்து காட்ட வேண்டும். ஸிஸிலித் தீவில் ஆடு மேய்த்தவன் டென்னிஸ் வலையை எங்கே பார்த்திருப்பான்? இந்த மதிப்பெண்களை வைத்துக்கொண்டு 1923-ல் கார்ல் பிரிகாம் என்ற பேராசிரியர், எந்த ஜாதி ஐரோப்பியன் உசத்தி, எவன் மட்டம் என்று ஒரு புத்தகமே எழுதினார். மறு வருஷம் குடியேற்றத்தைக் கடுமையாகக் குறைக்கும் சட்டம் வந்தது. அந்தச் சட்டத்தில் பரீட்சைகளுக்கு எவ்வளவு பங்கு என்று சரித்திரக்காரர்கள் வாதாடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். 1930-ல் பிரிகாம், தம் முடிவுகளுக்கு ஆதாரமில்லை என்று தாமே எழுதிப் பின்வாங்கினார். அதற்காக அவரை மதிக்கிறேன். ஆனால் அதற்குள் கதவு சாத்தியாகிவிட்டதே!

இதுவரை சொன்னது அளந்தவர்களின் கதை. அளக்கப்பட்டவர்கள் என்ன நினைத்தார்கள் என்று காது கொடுத்துக் கேட்ட விஞ்ஞானிகளும் உண்டு. அவர்களில் முதலில் நினைவுக்கு வருகிறவர் ரஷ்யரான அலெக்ஸாண்டர் லூரியா.

1931-லும் 1932-லும் லூரியா உஸ்பெகிஸ்தானத்தின் கிராமங்களுக்குப் போனார். எழுத்தறியாத குடியானவர்களிடம் ஒரு தர்க்கக் கணக்குப் போட்டார். வடகோடியில் பனி மூடிய தேசத்தில் கரடிகளெல்லாம் வெள்ளை. இன்ன தீவு வடகோடியில் இருக்கிறது. அங்கே கரடி என்ன நிறம்? நமக்கு இது ஒரு கேள்வியே அல்ல. அந்தக் குடியானவர்களோ, நான் அங்கே போனதில்லை, பார்த்தவரைக் கேளுங்கள் என்கிற மாதிரி பதில் சொன்னார்கள். சுத்தியல், ரம்பம், கோடாலி, மரக்கட்டை, இந்த நாலில் சேராதது எது என்றார். மரக்கட்டை என்று சொல்ல வேண்டும். மற்றவை ஆயுதங்கள் அல்லவா? அவர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. கட்டை இல்லாமல் ரம்பத்தையும் கோடாலியையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? கட்டையைத் தள்ளிவிடலாம் என்று ஒருவர் சொன்னாரே என்று தூண்டிப் பார்த்தபோது, அவர் வீட்டில் விறகு நிறைய இருக்கும் போலிருக்கிறது என்று பதில் வந்தது.

இந்தப் பதிலைப் படித்துச் சிரித்தேன். பிறகு யோசித்தேன். கண்ணால் காணாததைப் பற்றி வாய் திறக்க மாட்டேன் என்கிற மனிதனை நீதிமன்றத்தில் நல்ல சாட்சி என்று மெச்சுவோம். பரீட்சை அறையில் அதே மனிதன் தர்க்கம் அறியாதவன் ஆகிவிடுகிறான். ஓர் இடத்தில் நேர்மை எனப்படுவது இன்னோர் இடத்தில் குறை எனப்படுகிறது.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா தேசத்துக் கெபெல்லே மக்களிடையே 1960-களில் மைக்கேல் கோலும் அவருடைய சகாக்களும் நடத்திய ஆராய்ச்சியில் இதைவிடச் சுவையான சம்பவம் ஒன்று உண்டு. 20 பொருள்களைக் கொடுத்து இனம் பிரிக்கச் சொன்னார்கள். உணவு ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம், துணி ஒரு பக்கம் என்று பிரிப்பார்கள் என்பது எதிர்பார்ப்பு. அவர்களோ, ஆரஞ்சுப் பழத்தோடு கத்தியைச் சேர்த்து வைத்தார்கள். பழத்தை நறுக்கக் கத்தி வேண்டாமா? புத்திசாலி இப்படித்தான் செய்வான் என்றும் சொன்னார்கள். கேட்டவர் அலுத்துப் போய், சரி, முட்டாள் எப்படிப் பிரிப்பான் என்றார். உடனே உணவு தனி, கருவி தனி, துணி தனி என்று அச்சு மாறாமல் அடுக்கிக் காட்டிவிட்டார்கள்!

ஆக, அவர்களுக்கு அந்த வித்தை தெரியாமல் இல்லை. அதை அவர்கள் முட்டாளின் காரியம் என்று நினைத்தார்கள். அதே மக்களிடம் ஒரு பாத்திரத்து அரிசியைக் காட்டி, இது எத்தனை கிண்ணம் இருக்கும் என்று கேட்டபோது, அமெரிக்கர்களைவிட நெருக்கமாகச் சொன்னார்கள். நெல் விளைத்து நெல் விற்கிற ஜனங்களின் கண்ணே மரக்காலாகிவிடுகிறது.

பிரேஸில் நாட்டில் ரெஸிஃபே நகரத்துச் சந்தையில் தேங்காயும் எலுமிச்சம்பழமும் விற்ற ஐந்து பிள்ளைகளைப் பற்றி 1985-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. வாடிக்கைக்காரர் போல் நின்று விலை கேட்டபோது நூற்றுக்கு 98 கணக்குகளைச் சரியாகச் சொன்னார்கள். அதே மாதிரிக் கணக்கை வெறும் எண்களாகக் காகிதத்தில் கொடுத்தபோது நூற்றுக்கு 37 தான் தேறிற்று. அதே மூளை, அதே கணக்கு. மாறியது இடம் மட்டுமே.

கணக்கு, தர்க்கம் இவைதான் கற்றுக்கொடுத்து வருபவை. கண் காண்பதாவது எல்லோருக்கும் பொதுவல்லவா என்று கேட்கலாம். நம் நீலகிரி மலையிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ரிவர்ஸ் என்ற ஆங்கிலேய வைத்தியர் 1901-1902-ல் தோடர்களிடையே தங்கிப் பல சோதனைகள் செய்தார். சம நீளமுள்ள இரண்டு கோடுகள். ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உள்நோக்கி மடிந்திருக்கும், மற்றதன் முனைகளில் வெளிநோக்கி விரிந்திருக்கும். நமக்கு இரண்டாவது கோடு நீளமாகத் தெரியும். இங்கிலாந்துக்காரர்கள் இதில் நன்றாக ஏமாந்தார்கள். தோடர்கள் அவ்வளவு ஏமாறவில்லை. சதுரமான அறைகளிலும் நேர்கோட்டு மூலைகளிலும் வளர்ந்தவர்களின் கண்தான் அப்படி ஏமாறப் பழகிவிடுகிறது என்று பிற்காலத்தில் சிலர் விளக்கம் சொன்னார்கள். அது பூரணமான விளக்கமா என்பதில் தகராறு உண்டு. பார்வைக்குள்ளேயும் ஊர் புகுந்து உட்கார்ந்திருக்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இங்கே நிறுத்திக்கொண்டால் கட்டுரை சௌகரியமாக முடிந்துவிடும். பரீட்சைகள் மேல்நாட்டு மோசடி, படிக்காதவன்தான் மெய்யான ஞானி என்று எழுதிவிட்டுக் கைதட்டல் வாங்கிக்கொள்ளலாம். அது எனக்குச் சம்மதமில்லை. ஏனென்றால் கலாசாரம் என்பது மூளைக்கு மேலே போர்த்திய சால்வை அல்ல, உருவிப் பார்த்தால் அடியில் எல்லாம் ஒன்று என்று சொல்வதற்கு. அது மூளையின் பாதைகளையே மாற்றுகிறது.

போர்ச்சுக்கல் நாட்டின் தென்பகுதியில், மூத்த பெண்ணை வீட்டு வேலைக்கு நிறுத்திக்கொண்டு இளையவளைப் பள்ளிக்கு அனுப்பும் வழக்கம் ஒரு காலத்தில் இருந்தது. அப்படி வளர்ந்து வயதான பெண்களை 1998-ல் ஆராய்ந்தார்கள். அர்த்தமுள்ள சொற்களைத் திருப்பிச் சொல்லச் சொன்னால் எழுத்தறிந்தவள், அறியாதவள் இருவரும் சொல்லிவிட்டார்கள். அர்த்தமில்லாத வெறும் ஒலிக்கோவைகளைத் திருப்பிச் சொல்வதில் எழுத்தறியாதவர்கள் தடுமாறினார்கள். மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது அவர்களுக்கு மூளை இயங்கிய விதமும் வேறாக இருந்தது. அதாவது, குழந்தைப் பருவத்தில் கற்ற எழுத்து, காதால் கேட்ட ஒலியை மூளை கையாளும் விதத்தையே மாற்றியிருக்கிறது. அக்கா அடுப்படியில் நின்றாள், தங்கை பலகையில் எழுதினாள். ஐம்பது வருஷத்துக்குப் பிறகும் அந்த வித்தியாசம் மண்டைக்குள் இருந்தது. இதைப் பார்த்த பிறகும் படிக்காமலிருப்பது ஒரு தனி அழகு என்று பேசுவதற்கு எனக்கு மனம் வரவில்லை. உஸ்பெக் கிராமங்களிலும் ஓரிரு வருஷம் பள்ளிக்குப் போனவர்கள் வெள்ளைக் கரடிக் கணக்கைச் சுலபமாகப் போட்டார்கள் என்பதையும் லூரியா எழுதி வைத்திருக்கிறார்.

எழுத்து மட்டுமல்ல, பேச்சும் இப்படித்தான். ஹைதராபாத்தில் சுவர்ணா அல்லாடி என்ற நரம்பியல் நிபுணரும் குழுவினரும் மறதி நோய் கண்ட 648 பேரை ஆராய்ந்து 2013-ல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஒரே மொழி பேசியவர்களைவிட, இரண்டு மொழியோ அதற்கு மேலோ பேசியவர்களுக்கு நோய் சுமார் நாலரை வருஷம் பிந்தி வந்திருந்தது. எழுத்தறியாதவர்களிடமும் இந்த வித்தியாசம் தெரிந்தது. எல்லா ஊர் ஆராய்ச்சிகளும் இதே முடிவைத் தரவில்லைதான். இருந்தாலும், தெலுங்கில் பேரம் பேசி, உருதுவில் பதில் சொல்லிக் கடைத்தெருவில் காலம் தள்ளிய கிழவருடைய மூளை, எந்தப் பரீட்சையும் கேட்காத ஒரு செல்வத்தைச் சேர்த்து வைத்திருக்கக்கூடும் என்ற எண்ணமே எனக்கு ஆறுதலாக இருக்கிறது.

சரி, அளவுகோல் பொருந்தவில்லை என்று அதைத் தூக்கி எறிந்துவிட்டால் என்ன ஆகும்? எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்றில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த வீட்டுப் பாட்டி பால் வியாபாரம் செய்தவள். இருபது வீட்டுக் கணக்கு மாதக் கடைசி வரை மனசிலேயே இருக்கும். எழுபது வயதுக்கு மேல் ஏதோ தடுமாற்றம் என்று ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார்கள். இளம் டாக்டர் ஒருவர் தேதி கேட்டார். "அமாவாசை கழிஞ்சு நாலு நாள் ஆச்சு, தம்பி" என்றாள். நூறிலிருந்து ஏழு போனால் எவ்வளவு என்றார். "ஏழு என்ன? ரூபாயா, படியா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். மதிப்பெண் மிகவும் குறைவு. மகன் சொன்னான்: "அவங்க பள்ளிக்கூடத்துப் பக்கமே போகாதவங்க, டாக்டர். அப்படித்தான் சொல்லுவாங்க." டாக்டருக்கும் அது நியாயமாகப் பட்டது. வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டார்கள்.

மருமகளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் சொல்லியிருப்பாள்: மூன்று மாதமாகப் பாலைக் காய்ச்சி வைத்துவிட்டு உறை ஊற்ற மறந்துவிடுகிறாள், பணம் கொடுத்த வீட்டுக்கே மறுபடி போய்க் கேட்கிறாள், செத்துப்போன தாத்தா இன்னும் ஏன் வரவில்லை என்று ஒரு சாயங்காலம் வாசலில் நின்றாள். நோய் நிஜமாகவே இருந்தது. பெயர் வைக்க இன்னும் இரண்டு வருஷம் ஆயிற்று. அந்த இரண்டு வருஷமும் பாட்டி வேண்டுமென்றே வம்பு செய்கிறாள் என்று வீட்டில் சண்டை. பெயர் தெரிந்திருந்தால் நோய் நின்றிருக்காது, சண்டையாவது நின்றிருக்கும்.

இந்த இரண்டு தவறுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பொருந்தாத கோலால் அளந்து, ஆரோக்கியமானவளை நோயாளி என்பது ஒன்று. "படிக்காதவள், அப்படித்தான்" என்று அளக்காமலே விட்டு, நோயாளியைக் கைவிடுவது மற்றொன்று. முதலாவது ஆணவம். இரண்டாவது கருணை மாதிரி தோன்றும். ஆனால் அதன் உள்ளே இருப்பதும் அலட்சியம்தான். அவளிடம் எவ்வளவு இருந்தது, எவ்வளவு போயிற்று என்று தெரிந்துகொள்ளச் சிரமப்படவில்லை என்பது இரண்டுக்கும் பொது.

சிரமப்பட்டவர்கள் இல்லாமல் இல்லை. ஹரியானாவில் பல்லப்கர் கிராமங்களின் எழுத்தறியாத முதியவர்களுக்காக அந்த அமெரிக்கப் பரீட்சையை மாற்றி அமைத்து 1995-ல் வெளியிட்டார்கள். எழுதியிருப்பதைப் படித்துக் கண்ணை மூடு என்பதற்குப் பதிலாக, என் முகத்தைப் பார்த்து நான் செய்வதைச் செய் என்றார்கள். ஒரு வாக்கியம் எழுது என்பதற்குப் பதிலாக, உன் வீட்டைப் பற்றி ஏதாவது சொல் என்றார்கள். பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2004-ல் வெளியிட்ட பரீட்சைத் தொகுதி, படித்தவருக்கும் படிக்காதவருக்கும் தனித்தனி அளவு வைத்திருக்கிறது. பல நாடுகளில் மறதி நோயை ஆராயும் ஒரு குழு தனக்கு 10/66 என்று பெயர் வைத்துக்கொண்டது. நோயாளிகளில் 66 சதவீதம் ஏழை நாடுகளில் இருக்க, ஆராய்ச்சியில் 10 சதவீதம்கூட அங்கே நடக்கவில்லை என்பதே அந்தப் பெயரின் பொருள். 2003-ல் அவர்கள் வெளியிட்ட முறையில், முதியவரைச் சோதிப்பதோடு, கூட இருப்பவரையும் உட்கார வைத்து, முன்பு எப்படி இருந்தார், இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்கிறார்கள். நான் சொன்ன வீட்டில் மருமகளிடம் கேட்காமல் விட்ட கேள்வி அதுதான்.

எனக்கு இதில் ஒரு நீதி தென்படுகிறது. ஒருவனை அளப்பதென்றால் அவனைப் பக்கத்து வீட்டுக்காரனோடு ஒப்பிடுவதற்கு முன், நேற்றைய அவனோடு ஒப்பிட வேண்டும். அதற்கு அவனுடைய நேற்று நமக்குத் தெரிய வேண்டும். அவன் எதை எண்ணிப் பிழைத்தான், எந்த நாளை எப்படிக் கணக்கிட்டான், எதை நினைவில் வைத்துக்கொள்வது அவனுக்கு மானப் பிரச்னை என்றெல்லாம் தெரிய வேண்டும். நாவல் எழுதுகிறவனுக்கு இது பழக்கமான வேலை. வைத்தியருக்கும் வாத்தியாருக்கும் இது கூடுதல் சுமை என்று தோன்றலாம். அந்தச் சுமையை ஏற்காமல் போடும் மதிப்பெண்ணில் அளக்கப்பட்டவனுடைய குறை எவ்வளவு, அளந்தவனுடைய அறியாமை எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

நம்மில் பெரும்பாலோர் வைத்தியர்கள் அல்ல. ஆனாலும் தினமும் பரீட்சை வைத்துக்கொண்டுதான் இருக்கிறோம். கிராமத்திலிருந்து கல்லூரிக்கு வந்த பையன் இங்கிலீஷில் கேட்டதற்கு விழித்தால் மக்கு என்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மாளுக்கு ரிமோட்டில் எந்தப் பொத்தான் என்று தெரியாவிட்டால் நமக்குள் சிரித்துக்கொள்கிறோம். அவளுடைய உலகத்துக் கேள்விகளை அவள் நமக்குப் போட்டால் நமக்கு என்ன மதிப்பெண் கிடைக்கும் என்று ஒரு தடவையாவது எண்ணிப் பார்த்ததுண்டா? பழத்தையும் கத்தியையும் சேர்த்து வைத்த அந்த ஆப்பிரிக்கக் குடியானவர் எதிரே நாம் உட்கார்ந்திருந்தால், நாம் எப்படி அடுக்கியிருப்போம் என்று எனக்குத் தெரியும். அவர் நம்மை என்னவென்று நினைத்திருப்பார் என்பதும் தெரியும். மரியாதைக்காக வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்.